ஒரே சொடுக்கில் சரியாகுமா?

2025 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை. அலாரத்தை நிறுத்துவதற்காகத் தலையைத் திருப்பினேன். தலை திரும்பவில்லை. இடது தோளை நோக்கிச் சற்றே சாய்ந்து, ஆணி அடித்து வைத்ததுபோல அப்படியே நின்றுவிட்டது. வலது பக்கம் ஒரு விரற்கடை அசைத்தாலும் கழுத்தில் தொடங்கி முதுகுப் பட்டையின் உள்விளிம்பு வரை சுரீரென்று இழுத்தது. முந்தின நாள் நான் எதையும் தூக்கவில்லை, எங்கும் விழவில்லை, யாரோடும் மல்லுக்கட்டவில்லை. படுத்துத் தூங்கியதைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் ஒருவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் அது அவருடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது. பெங்களூர் மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் இது. ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று ஆலைகள் ஓடிய காலத்தில் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியேறிய பேட்டை. ஆலைகள் போய்விட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் 2010-ல் வணிக வளாகம் எழுந்தது. சந்துகள் மட்டும் அதே அகலத்தில் இருக்கின்றன. ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும்.

எனவே எட்டு மணிக்குள் மூன்று வைத்தியங்கள் வந்து சேர்ந்தன. முதலாவது அம்மாவுடையது: தலையணையை வெயிலில் போடு. தலையணை மொட்டை மாடிக்குப் போயிற்று. பெங்களூர் ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? மாலையில் கொஞ்சம் ஈரத்தோடு திரும்பி வந்தது. இரண்டாவது எதிர் வீட்டுப் பாட்டி சொன்னது: கழுத்தில் உலக்கையை உருட்ட வேண்டும். மூன்றாவது, கால் முன்னால் வந்து பிறந்தவர் காலால் மூன்று தடவை தடவிவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும். அப்படிப் பிறந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எங்கள் சந்திலேயே இருக்கிறார். நல்லவேளையாக அவர் விமான நிலையத்துக்குச் சவாரி போயிருந்தார்.

நான்காவது யோசனைதான் என்னை வீட்டை விட்டுக் கிளப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் யஷ்வந்த்பூர் மண்டியில் வெங்காய மூட்டை இறக்குபவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'சார்' என்பார். "இன்னா சார், இதுக்குப் போயி! எனக்கு மாசத்துக்கு ரெண்டு தபா பிடிக்கும். நம்ம சலூனுக்கு வா சார். ஒரே சொடுக்கு. அரை மணி நேரத்துல மூட்டை தூக்கலாம்" என்றார்.

போனேன். எனக்குக் கெடு இருந்தது. அன்று மாலைக்குள் நாற்பது பக்க மொழிபெயர்ப்பு அனுப்பியாக வேண்டும். சலூன்காரர் நாற்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தார். தோளை இதமாகப் பிசைந்தார். பிறகு ஒரு கை என் முகவாய்க்கும் இன்னொரு கை பின்மண்டைக்கும் வந்தன. "உடம்பை லூசா வுடு சார்" என்றார்.

அந்த நொடியில் ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. என் வாக்கியம்தான். 2024 செப்டம்பரில் ஒரு செய்தியைத் தமிழாக்கினேன். பல்லாரியைச் சேர்ந்த 30 வயது இளைஞர் முடி வெட்டிக்கொண்டார். பிறகு தலைக்கு மசாஜ், கடைசியில் கழுத்தை வெடுக்கென்று ஒரு திருப்பு. வலியோடு வீடு திரும்பியவருக்குச் சில மணி நேரத்தில் பேச்சு குழறியது. உடம்பின் இடது பக்கம் பலமிழந்தது. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, பக்கவாதம் வந்திருந்தது. பெங்களூரில் சிகிச்சை பெற்றார். தேறி வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அந்தச் செய்தியில் 'கிழிவு' என்று போடுவதா, 'பிளவு' என்று போடுவதா என்று பத்து நிமிடம் யோசித்தவன் நான். சொல்லைப் பற்றிய கவலையில் விஷயத்தை மறந்திருந்தேன்.

"வேணாம்ணே" என்று எழுந்துவிட்டேன். சலூன்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மண்டிக்கார அண்ணன் சிரித்தார்.

கழுத்துக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். முன்பக்கம் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் மூளைக்குப் போகின்றன. பின்பக்கம் போகும் இன்னும் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகளுக்குள் நுழைந்து நுழைந்து ஏறுகின்றன. ஊசித்துளையில் கோத்த நூல் மாதிரி. வெடுக்கென்று திருகும்போது குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையலாம். உறைந்த கட்டி மூளைக்குப் போகலாம். திருகாமலே, தலையைப் பின்னால் வளைத்து வைத்திருந்தாலும் இது நடந்திருக்கிறது. முடி கழுவும் தொட்டியில் தலையைச் சாய்த்ததற்குப் பிறகு பக்கவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993-ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் மைக்கேல் வெயின்ட்ராப் எழுதினார். 'அழகு நிலையப் பக்கவாதம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்.

இது அடிக்கடி நடப்பதில்லை. நாள்தோறும் எத்தனையோ சலூன்களில் கழுத்துகள் சொடுக்கப்படுகின்றன. எல்லாரும் நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்த அபூர்வமான ஒருவர் யார் என்று சொடுக்குகிற கைக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் அந்த நாற்காலியில் இல்லை.

அடுத்து ஒரு டாக்டர். இரண்டு நிமிடம் பார்த்தார், வலி மாத்திரை எழுதினார், 'எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்' என்றார். எடுத்தேன். பல ஆயிரம் ரூபாய் போயிற்று. கையில் வந்த அறிக்கையில், கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பின்னோக்கிப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. அதைச் சந்தில் வாசித்துக் காட்டியது என் தவறு. மாலைக்குள் 'சாருக்கு ஜவ்வு விலகிடுச்சாம்' என்று செய்தி பரவிவிட்டது. விலகியது இனி கூடாது என்பது போல அம்மா என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 'ஜவ்வு விலகல்', 'தேய்மானம்' ஆகிய இரண்டு சொற்களும் நம் ஊர்களில் வலியைவிட அதிகம் பேரை முடக்கியிருக்கின்றன என்று நினைக்கிறேன். தேய்மானம் என்றால் செருப்பு, டயர். தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்ற முடியாவிட்டால் ஓட்டக் கூடாது. விலகல் என்றால் யாராவது பிடித்துத் தள்ளி மறுபடி இடத்தில் உட்காரவைக்க வேண்டும். சலூன்காரரின் சொடுக்குக்கு நியாயம் கற்பிப்பதே இந்தச் சொல்தான். உண்மையில் டிஸ்க் எங்கும் விலகிப் போவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது.

கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். முதல் இரண்டுக்கு நடுவே டிஸ்க் கிடையாது. மற்றவற்றுக்கு நடுவே உண்டு. வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்கான நார் வளையம், அதன் நடுவில் இளநீர் வழுக்கை மாதிரி மெத்தென்ற ஒரு பொருள். இதுதான் டிஸ்க். வளர்ந்தவர்களுக்கு அதன் உட்பகுதியில் ரத்த ஓட்டம் இல்லை. கடற்பஞ்சு நீரை இழுப்பதுபோல, அழுந்தியும் தளர்ந்தும்தான் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் டிஸ்க்குகள் எல்லாமே நீரை இழுத்து உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுவதற்கு அதுதான் காரணம். விடியற்காலையில் கழுத்தும் முதுகும் விறைப்பாக இருப்பதற்கும் இதில் பங்கு உண்டு.

நார் வளையத்தின் வெளி அடுக்குகளில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அங்கே எரிச்சல் ஏற்பட்டால் கழுத்துத் தசைகள் காவல்காரர்களைப் போல இறுகிக்கொண்டு தலையை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. திடீர்ப் பிடிப்பு என்பது பெரும்பாலும் இந்தக் காவல்தான். சில சமயம் எரிச்சல் டிஸ்க்கில் இல்லாமல் பக்கத்திலுள்ள சிறு மூட்டுகளில் இருக்கும். முதல் வாரச் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்து டிஸ்க் கெட்டால் முதுகுப் பட்டை ஏன் வலிக்கிறது என்பதை ஹவாயில் இருந்த ரால்ப் கிளவார்ட் என்ற அறுவை மருத்துவர் 1959-ல் விளக்கினார். கழுத்து டிஸ்க்குகளை ஊசியால் தூண்டிப் பார்த்தபோது நோயாளிகள் முதுகுப் பட்டையின் உள்விளிம்பைத் தொட்டுக் காட்டினார்கள்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. காட்டிய பிதுக்கம்? ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு. பிதுக்கம் என்பது தலை நரைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நரைத்தவருக்குத் தலைவலி வந்தால் நரையா காரணம்?

இதையெல்லாம் எனக்குச் சொல்லி மேலும் படிக்க வைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். மெட்ரோ பாலத்துக்கு அருகே, மருந்துக்கடை மாடியில், ஒரு மேசையும் இரண்டு கட்டில்களும் உள்ள அறை. வயது முப்பதுக்குள் இருக்கும். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எங்கள் சந்தில் யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. பிசியோதெரபி என்றால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்த பிறகும், பக்கவாதம் வந்து கை கால் விழுந்த பிறகும் போகிற இடம் என்பதுதான் பொது அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு வரலாறும் உண்டு. நம் நாட்டில் இந்தப் படிப்பு முறையாகத் தொடங்கியது 1952-ல், பம்பாயில். அப்போது இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கிய குழந்தைகளை நடக்கவைப்பதே பெரிய வேலை. இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் வந்தது 2021-ல்தான். இடைப்பட்ட காலத்தில் கழுத்து வலிக்காரர்களைச் சலூனும் சுளுக்கு எடுப்பவரும் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் என் கழுத்தைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா? சமீபத்தில் விழுந்தீர்களா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுகின்றனவா? நடக்கும்போது கால் தள்ளாடுகிறதா? சிறுநீர் அடக்குவதில் மாற்றம் உண்டா? தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல்? ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று கேட்ட பிறகு சுத்தியலால் முழங்கையைத் தட்டினார். இரண்டு கைகளின் பிடியையும் பலத்தையும் ஒப்பிட்டார். சலூன் நாற்காலிக்கும் இந்தக் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இருபது நிமிடத்தில் இருந்தது. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்திருந்தால், என்னைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

பிறகு மோட்டைப் பார்த்தபடி என் முகவாயைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். குனியாமல், நிமிராமல், இழுப்பறையைத் தள்ளி மூடுவதுபோலத் தலையை நேராகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பத்துத் தடவை. "இப்ப வலி எங்க சார்?" முதுகுப் பட்டையில் இருந்த வலி குறைந்து, கழுத்தின் அடியில் நடுவில் கூடியிருந்தது. கூடியிருக்கிறதே என்று நான் கவலைப்பட, அவர் முகம் மலர்ந்தது. வெளியே பரவிய வலி நடுவுக்குத் திரும்பி வந்தால் நல்ல அறிகுறி. நடுவில் கூடினாலும் பரவாயில்லை. கைப்பக்கம் இறங்கினால் அந்த அசைவை உடனே நிறுத்த வேண்டும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த கதை சுவையானது. நியூசிலாந்தின் வெல்லிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தார். 1956-ல் ஒரு நாள், இடுப்பு வலி காலுக்கு இறங்கிய நோயாளியை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கம் முந்தின நோயாளிக்காக உயர்த்தி வைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. சில நிமிடம் கழித்து வந்து பார்த்தால், அந்த மனிதர் முதுகு பின்னால் வளைந்த நிலையில் கிடக்கிறார். அக்காலப் பாடப்படி அது செய்யவே கூடாத காரியம். பதறிப்போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை, கால்வலி போய்விட்டது என்றார் நோயாளி. மெக்கென்சி தன் கவனக்குறைவை மறைக்கவில்லை, அதை ஆராய்ந்தார். இடுப்புக்குக் கண்டதைக் கழுத்துக்கும் பொருத்திப் பார்த்து 1983-ல் தனிப் புத்தகம் எழுதினார். நோயாளியே தன் கழுத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கற்பிப்பது அந்தப் புத்தகத்தின் நோக்கம். 2013-ல் காலமானார்.

எனக்குக் கிடைத்த மருந்துச் சீட்டு இதுதான்: விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை அந்த முகவாய் இழுப்பு, பத்து முறை. வலி தாங்கும் எல்லைக்குள் இடமும் வலமும் மெதுவாகத் திருப்புதல். வெந்நீர்ப் பை. ஒரே தலையணை, குப்புறப் படுக்கக் கூடாது. கழுத்துப் பட்டை வேண்டாம். நாள்கணக்கில் போட்டால் தசைகள் சோம்பேறியாகும். நடக்கலாம். பிடிப்பு தளர்ந்த பிறகு கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி.

"கரண்ட் வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பிசியோதெரபி என்றால் உடம்பில் ஒட்டி விர்ரென்று இழுக்கும் மின் சிகிச்சைதான்.

"வேணும்னா வைக்கறேன் சார். கொஞ்ச நேரம் இதமா இருக்கும். ஆனா உங்களைக் குணமாக்கறது அது இல்ல. கரண்ட் வைக்கலைன்னா பாதிப்பேர் காசு குடுக்க யோசிக்கறாங்க. அதனாலதான் மெஷின் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். ஒரு தொழிலின் கஷ்டத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் பாதித் தலை திரும்பியது. பத்தாம் நாள் முழுசாக. மொழிபெயர்ப்பு நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

காரணத்தையும் அவர்தான் கண்டுபிடித்தார். எப்படி வேலை செய்வீர்கள் என்று கேட்டு, மேசையில் நடித்துக் காட்டச் சொன்னார். மூல நூல் இடப்பக்கம், திரை வலப்பக்கம். இருபது வருடமாக நாளுக்கு எட்டு மணி நேரம் இடதுபுறம் குனிந்து படித்து, வலதுபுறம் திரும்பித் தமிழில் எழுதியிருக்கிறேன். தலை நாலரை, ஐந்து கிலோ கனம். அறுபது பாகை குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ பாரம் என்று ஒரு கணக்கு செல்போன்களில் சுற்றுகிறது. நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு அது. மனிதர்கள் கழுத்தில் அளந்ததல்ல. "குனியறதுல தப்பில்ல சார். குனிஞ்சபடியே மூணு மணி நேரம் இருக்கறதுதான் தப்பு" என்றார். இப்போது மூல நூல் கண்ணுக்கு நேராக, சமையல் புத்தகம் வைக்கும் மரத்தாங்கியில் நிற்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன்.

என் கதை இத்துடன் முடிந்தது. எழுத உட்கார்ந்தது பக்கத்து வீட்டு அண்ணனுக்காக.

என் கழுத்து சரியாகி மூன்று வாரம் இருக்கும். ஒரு மாலை வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்தது. 'வழுக்கிடுச்சு' என்றார். மறுநாளும் விழுந்தது. வலது கையில் நடுவிரல் வரை மரத்துப் போவதாக, மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். மாசத்துக்கு இரண்டு சொடுக்கு என்று எத்தனை வருடம் ஓட்டினாரோ! கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருந்துக்கடை மாடிக்கு அழைத்துப் போனேன். பிசியோதெரபிஸ்ட் அவரை முழங்கையை நீட்டித் தன் கையைத் தள்ளச் சொன்னார். ஐம்பது கிலோ மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறவரால் அந்தப் பெண்ணின் கையைத் தள்ள முடியவில்லை. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பின் வேர் நசுங்குகிறது, முதலில் அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், கழுத்தில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அண்ணனுக்குக் கோபம். "கரண்டும் வைக்கல, ஒண்ணும் பண்ணல. போய் க்யூல நில்லுனு சொல்லுது அந்தப் பொண்ணு. ஒரு நாள் கூலி யார் குடுப்பா?" கேள்வி நியாயமானது. எனக்குக் கெடுவைத் தள்ளிப்போட ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. எங்கள் பேட்டையில் பீன்யா ஆலைகளுக்குத் தைக்கப் போகும் பெண்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, ராஜாஜிநகரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மூட்டை தூக்கும் இவருக்கு அட்டை இல்லை. அரை மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் ஒரே வைத்தியம் சலூனில்தான் கிடைக்கிறது. அவர் முட்டாள்தனத்தால் அங்கே போகவில்லை. அவர் கையிலிருந்த நேரத்துக்கு அதுதான் கட்டுப்படியாயிற்று.

சுமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் உடன்படிக்கை போட்டது. இந்தியா அதை ஏற்றது 2010-ல். உடன்படிக்கையோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அண்ணனின் மூட்டை 50 கிலோ. விதிக்கு உட்பட்டதுதான். நாளுக்கு எத்தனை மூட்டை என்பதற்கு அந்தப் பரிந்துரையின் எண்ணில் இடமில்லை.

மூன்று நாள் பேசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவருக்கு நான் சொன்ன ஆறுதல் ஒரு பழைய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1976 முதல் 1990 வரை இப்படிக் கழுத்து நரம்பு வேர் பாதிக்கப்பட்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவிகிதம் பேருக்குத் தொல்லை இல்லை, அல்லது லேசாகத்தான் இருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது கால்வாசிப் பேருக்கு. 1994-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் குருபத் ராதாகிருஷ்ணன், பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். "மலையாளி டாக்டரா? அப்ப சரியா இருக்கும்" என்றார் அண்ணன். ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த ஒரே மதிப்பீடு அதுதான்.

அவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மருந்து, ஓய்வு, பிறகு அதே மாடியில் பயிற்சி. எட்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. மனைவி இரண்டு வீட்டு வேலை கூடுதலாகப் பிடித்தார். சந்தில் சீட்டுக்காசை முன்னதாக எடுத்துக் கொடுத்தார்கள். கையின் பலம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இப்போது மண்டியில் தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி ஓட்டுகிறார். கூலி குறைவு. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

உலகத்தில் 2020-ல் கழுத்து வலியால் அவதிப்பட்டவர்கள் 20 கோடியே 30 லட்சம் பேர் என்று ஒரு சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமையும், சரியான சிறு அசைவுகளும், பத்து நாளும்தான். ஒரு சிலருக்கு ஆஸ்பத்திரி. யார் எந்தக் கூட்டம் என்று பிரித்துச் சொல்ல அந்த இருபது நிமிடக் கேள்விகள் வேண்டும். அதற்கு எம்.ஆர்.ஐ. அளவுக்குச் செலவாகாது.

சென்ற மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். அண்ணன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்த்து முடிந்ததும் சலூன்காரரின் கை பழக்கதோஷத்தில் முகவாய்க்குப் போயிற்று. "கழுத்தைத் தொடாதே! தோளை மட்டும் அமுக்கு" என்று அண்ணன் அதட்டினார். சலூன்காரர் என் பக்கம் திரும்பி, "வர்றவங்க அதைத்தான் கேக்கறாங்க. மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போறாங்க. நான் இன்னா சார் பண்றது?" என்றார். கரண்ட் மெஷின் வாங்கி வைத்த பெண்ணின் அதே சங்கடம். தோளை மட்டும் அமுக்கினாலும் உங்களிடம் வருவோம் என்று நாங்கள் இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம். இரண்டு வாடிக்கை உறுதி.

வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் தலையணை காய்ந்துகொண்டிருந்தது. என் கழுத்து சரியானது அதனால்தான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார். நான் மறுக்கவில்லை. வெயிலால் யாருக்கும் கெடுதல் இல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குவது எனக்கும் நல்ல பயிற்சிதான்.